சீரியல் இசையில் லயம் உண்டா, வெறும் கணக்கா?

ஜூன் 8, காலை 7.40 (இழையைத் தொடங்கிய வாசகர்)

சீரியல் இசை என்று நான் சொல்வது தொலைக்காட்சித் தொடரின் இசையை அல்ல; சுரங்களை முன்பே வகுத்த ஒரு வரிசைப்படி அடுக்கும் 20ஆம் நூற்றாண்டு மேற்கத்திய இசையை. அந்த வகையில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலேஸின் 'ஸ்ட்ரக்சர்ஸ்' முதல் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கையால் தட்டிப் பின்தொடர ஒன்றும் அகப்படவில்லை. 1 முதல் 12 வரை எண்களை அடுக்கி, அதன்படி சுரங்களின் நீளத்தை வைத்தார்கள் என்று படித்தேன். அந்த எண்கள் காதில் விழவே இல்லை. சீரியல் இசையில் லயம் என்று எதுவும் இல்லை, காகிதத்தில் உள்ள கணக்கு மட்டும்தான் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இருக்கிறீர்களா?

ஜூன் 8, முற்பகல் 11.15 (பதில் எழுதுபவர்; இதற்குப் பின் வரும் பதிவுகளும் இவருடையவையே)

மறுக்கிறேன். ஆனால் பாதியைத்தான்.

நீங்கள் கேட்டது 1951இல் இரண்டு பியானோக்களுக்கு எழுதப்பட்ட ஒரு சோதனை. எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கவே எழுதியது. அதை வைத்துக்கொண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் முதல் இத்தாலியின் நோனோ வரை எல்லாரையும் ஒரே கூண்டில் நிறுத்தக் கூடாது. சீரியல் என்ற அந்த ஒரு பெயருக்குள் லயத்தை அமைக்கும் வழிகள் பல இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை.

ஷோன்பெர்க்கிலிருந்து தொடங்குவோம். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் நிறுத்தி, அந்த வரிசையிலிருந்தே படைப்பு முழுவதையும் நெய்யும் முறையை அவர் 1920களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அவருடைய ஓபஸ் 25 (படைப்பு எண் 25) பியானோ சூட்டை, அதாவது நடனத் துண்டுகளின் தொகுப்பை, எடுத்துப் பாருங்கள். சுரங்கள் எல்லாம் புதிய சட்டப்படி நடக்கின்றன. லயமோ கவோத், மியூசெத், மினுயெத், ஜீக் என்று பழைய ஐரோப்பிய நடனங்களுடையது. இந்த முரணைச் சுட்டித்தான் 1952இல் பூலேஸ் 'ஷோன்பெர்க் இறந்துவிட்டார்' என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். ஷோன்பெர்க் காலமாகி ஓராண்டுகூட நிறையாத நேரம். தலைப்பு கொடூரம். கேள்வி நியாயமானது: சுரத்தை ஒரு கொள்கை ஆள்கிறது என்றால் லயத்தை மட்டும் ஏன் பழக்கம் ஆள வேண்டும்?

ஆனாலும் அந்த ஜீக்கை வாசித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதன் துள்ளல்தான் அந்தச் சுரங்களைக் காதுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பூலேஸ் அதைக் குறை என்றார். எனக்கு அது துணை.

ஜூன் 8, மாலை 6.05

இன்னொரு நண்பர், லயத்தை வரிசைப்படுத்தியதே பூலேஸ்தான் என்று எழுதியிருக்கிறார். காலவரிசை அப்படி இல்லை. அமெரிக்காவில் மில்டன் பாபிட் 1947இலேயே 'த்ரீ காம்போசிஷன்ஸ் ஃபார் பியானோ'வில் செய்துவிட்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் 1949இல் 'மோட் த வாலர்' எழுதினார்; அது கண்டிப்பான வரிசை அல்ல என்றாலும் நீளங்களுக்கு அதில் சட்டம் உண்டு. பூலேஸ் இவர்களுக்குப் பிறகு வந்தவர். சத்தம்தான் அதிகம் எழுந்தது.

ஜூன் 9, இரவு 9.50

'எண்கள் காதில் விழவில்லை' என்ற புகாரைச் சும்மா விட மனமில்லை. 'ஸ்ட்ரக்சர்ஸ்' தொடக்கத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அடிப்படை அலகு டெமிசெமிகுவேவர், அதாவது கிராட்செட் என்ற, பொதுவாக ஒரு தட்டுக்குச் சமமான, நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. எண் 1 என்றால் ஓர் அலகு, எண் 12 என்றால் பன்னிரண்டு அலகு. முதல் பியானோவின் பன்னிரண்டு சுரங்களுக்கும் வரும் நீளங்கள்:

12, 11, 9, 10, 3, 6, 7, 1, 2, 8, 4, 5

இரண்டாம் பியானோவுக்கு:

5, 8, 6, 4, 3, 9, 2, 1, 7, 11, 10, 12

இரண்டில் எதைத் தனியாகக் கூட்டினாலும் 78தான் வரும். 1 முதல் 12 வரை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே இரு பியானோக்களும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக முடிக்கின்றன. குவேவர் (அரை கிராட்செட், நான்கு அலகு) நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் பார்த்தால் மொத்தம் 9.75 விநாடி.

இனி ஒவ்வொரு சுரமும் எந்த அலகில் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் பியானோ: 0, 12, 23, 32, 42, 45, 51, 58, 59, 61, 69, 73. இரண்டாவது: 0, 5, 13, 19, 23, 26, 35, 37, 38, 45, 56, 66. இரண்டும் சேர்ந்து விழும் இடங்கள் மூன்றே: 0, 23, 45. மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், தொடக்கத்தில் இருவரும் ஈ-ஃபிளாட்டில் சந்திக்கிறார்கள். 23இல் ஒருவர் ஏ, மற்றவர் பி. 45இல் ஒருவர் எஃப்-ஷார்ப், மற்றவர் ஏ-ஃபிளாட்.

கேட்பவருக்கு இரண்டு வரிசைகள் தனித்தனியாக வந்து சேர்வதில்லை. இரண்டும் கலந்த ஒரே ஓட்டம்தான் கேட்கும். அந்த ஓட்டத்தில் ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் உள்ள இடைவெளிகள்:

5, 7, 1, 6, 4, 3, 6, 3, 2, 1, 4, 3, 6, 5, 2, 1, 2, 5, 3, 4, 5

12 எங்கே? 11 எங்கே? 10, 9, 8 எங்கே? ஒன்றுமே இல்லை. மிகப் பெரிய இடைவெளி 7. முதல் பியானோ ஒரு சுரத்தைப் பன்னிரண்டு அலகு நீட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் பியானோ நடுவில், ஐந்தாம் அலகில் வந்து வெட்டிவிடுகிறது. வரிசை தாளில் இருக்கிறது, வாசிப்பவர் விரலில் இருக்கிறது. காதுக்கு வரும் வழியில் கலைந்துவிடுகிறது. இது இரண்டு இழைகள் மட்டும் ஓடும் பகுதி. போகப் போக வேறு பகுதிகளில் இழைகள் கூடுகின்றன. அப்போது நிலைமை என்ன என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. மேலே உள்ள அந்த இருபத்தொரு இடைவெளிகளைக் கையால் தட்டிப் பாருங்கள். அதுவும் ஒரு லயம்தான். நெருக்கமும் தளர்ச்சியும் மாறி மாறி வருகின்றன. பூலேஸ் எழுதிய வரிசைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஜூன் 10, காலை 6.30

நேற்றைய கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை கூட்டினால் 21. 7 முதல் 12 வரை 57. ஆக, பன்னிரண்டில் பாதிச் சுரங்களே நேரத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கின்றன. சுர வரிசையில் எந்தச் சுரத்துக்கும் இப்படி எடை கூடுவதில்லை. இதோடு இன்னொரு கோளாறு: 1க்கும் 2க்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகூடச் சொல்லிவிடும், ஏனென்றால் இரட்டிப்பு. 11க்கும் 12க்கும் உள்ள வேறுபாட்டை எந்த வித்வானும் உறுதியாகச் சொல்ல முடியாது. தாளில் இரண்டு இடத்திலும் ஒரே படி. காதுக்கு ஒன்று மலை, மற்றது மடு.

சுரத்தில் ஒரு படி ஏறுவது விகிதம். ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் அதிர்வு ஒரே மடங்கால் பெருகுகிறது. நீளத்தில் ஒரு படி ஏறுவது வெறும் கூட்டல். இரண்டையும் ஒரே எண் வரிசையில் பூட்டினார்கள். அங்கேதான் சிக்கல் பிறந்தது. பின்னால் ஜெர்மனியின் ஸ்டாக்ஹவுசனும் நோனோவும் பாபிட்டும் ஆளுக்கொரு பக்கம் போனதற்குக் காரணமும் இதுவே.

ஜூன் 10, மதியம் 1.20

'நீண்ட சுரம் நீடித்து ஒலிக்கிறதே, அது கேட்காதா?' என்ற கேள்விக்கு: பியானோவில் தட்டிய கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்கிவிடும். காது பிடித்துக்கொள்வது தொடக்கத்தை. முடிவு எங்கே என்று தெரிவதில்லை. ஊதுகருவியில் நிலைமை வேறு. மூச்சு நிற்கும் இடம் பளிச்சென்று கேட்கும். நீளங்களின் வரிசையைப் பியானோவில் சோதித்தது தவறான கருவியைத் தேர்ந்ததாகவே எனக்குப் படுகிறது.

ஜூன் 11, இரவு 8.15

மெசியான் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள்.

'மோட் த வாலர்' என்று நாம் சுருக்கிச் சொல்லும் பியானோ படைப்பில் 36 சுரங்கள், 24 நீளங்கள், 12 வகைத் தொடுகை, 7 வகை ஒலிவலிமை. ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் ஸ்தாயி, நீளம், தொடுகை, வலிமை எல்லாம் நிரந்தரமாக ஒட்டியிருக்கும். ஒரு குறிப்பிட்ட சுரம் எப்போது வந்தாலும் அதே நீளம், அதே அழுத்தம்.

36 சுரங்களுக்கு ஏன் 24 நீளங்கள் என்று பலர் குழம்புகிறார்கள். விளக்கம் எளிது. சுரங்கள் மூன்று பிரிவாக இருக்கின்றன. முதல் பிரிவு 1 முதல் 12 டெமிசெமிகுவேவர். இரண்டாவது 1 முதல் 12 செமிகுவேவர், அதாவது 2, 4, 6 என்று 24 வரை. மூன்றாவது 1 முதல் 12 குவேவர், அதாவது 4, 8, 12 என்று 48 வரை. திரும்ப வருபவற்றைக் கழித்தால் முதலில் 12, அடுத்து புதிதாக 6, கடைசியில் இன்னும் 6. மொத்தம் 24.

இது வரிசை அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சுரங்கள் இந்த ஒழுங்கில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெசியான் விரும்பியபடி எடுத்துக் கோத்திருக்கிறார். மேலே உள்ள சுரங்கள் குறுகியவை, கீழே உள்ளவை நெடியவை. அதனால் கேட்கும்போது மேலே துறுதுறுப்பும் அடியில் நிதானமும் தெளிவாகத் தெரிகின்றன. பூலேஸ் செய்தது என்னவென்றால், முதல் பிரிவின் பன்னிரண்டு சுரங்களை அப்படியே எடுத்துத் தன் வரிசையாக்கி, ஸ்தாயியோடு நீளத்துக்கு இருந்த உறவை அறுத்துவிட்டார். காதுக்குக் கிடைத்திருந்த ஒரே பிடி அதுதான்.

1951இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் புதிய இசைக்காக நடந்த கோடைப் பள்ளியில் இதன் ஒலிப்பதிவைக் கேட்ட இளம் ஸ்டாக்ஹவுசன் அதே ஆண்டு 'க்ராய்ட்ஸ்பீல்' எழுதினார். ஒரு தலைமுறையையே திருப்பிவிட்ட இந்தச் சிறு படைப்பை மெசியான் பிற்காலத்தில் பெரிதாக மதிக்கவில்லை.

ஜூன் 12, காலை 10.00

'மெசியானுக்கு நம் தாளங்கள் தெரியுமாமே, அப்படியானால் இதெல்லாம் இங்கிருந்து போனதுதானே?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தொடர்பு உண்மைதான். ஆனால் நாம் நினைக்கும் வகையில் இல்லை.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகர'த்தில் 120 தேசி தாளங்களைப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல் ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்தது. மெசியான் அதை அங்கே கண்டு எடுத்துக்கொண்டார். கச்சேரி மேடையில் கேட்டுக் கற்றதல்ல, புத்தகத்தில் படித்தது. கையால் போட்டுச் சுற்றிச் சுற்றி வரும் தாளமாக அவர் அதைப் பயன்படுத்தவில்லை. குறில் நெடில்களின் நிலையான ஒரு சரமாக மட்டும் பயன்படுத்தினார்.

போர்க்கைதியாக கோர்லிட்ஸ் முகாமில் இருந்தபோது முடித்து 1941 ஜனவரியில் அங்கேயே அரங்கேற்றிய 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யின் முதல் பகுதியைக் கேளுங்கள். ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தாளங்களைக் கோத்துப் பியானோவுக்கு 17 நீளங்கள் கொண்ட ஒரு சரம். அதன் மேல் 29 ஸ்வரக்கூட்டுகள் கொண்ட இன்னொரு சரம். இரண்டும் தம்தம் போக்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. 17, 29 இரண்டும் பகா எண்கள். முதல் சந்திப்பு மறுபடி நிகழ 493 நீளங்கள் கடக்க வேண்டும். அதற்குள் பகுதி முடிந்துவிடுகிறது.

இது சீரியல் இல்லை. ஆனால் சுரம் ஒரு பக்கம், நீளம் ஒரு பக்கம் என்று பிரித்துத் தனித்தனிச் சட்டம் கொடுக்கும் எண்ணம் இங்கே முழுமையாக இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பிலிப் த வித்ரியும் மாஷோவும் இதே முறையில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இதை இந்தியாவின் கொடை என்றோ ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு என்றோ ஒரே வரியில் முடிக்க எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 12, இரவு 10.40

பாபிட். இவரைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவது தெரியாது.

'த்ரீ காம்போசிஷன்ஸ்' முதல் துண்டில் அவர் நீளத்தை வரிசைப்படுத்தவில்லை. எத்தனை சுரம் ஒரு கொத்து என்பதை வரிசைப்படுத்தினார். செமிகுவேவர்கள் சீராக ஓடும். ஐந்து சுரம், ஒரு நிறுத்தம், ஒன்று, நிறுத்தம், நான்கு, நிறுத்தம், இரண்டு, நிறுத்தம். 5, 1, 4, 2. கூட்டினால் 12, சரியாக ஒரு சுர வரிசை. நிறுத்தம் என்பது மௌனமாகவும் இருக்கலாம், கடைசிச் சுரம் நீள்வதாகவும் இருக்கலாம்.

பின்னோக்கிப் படித்தால் 2, 4, 1, 5. கவிழ்த்தால்? ஒவ்வொன்றையும் 6இலிருந்து கழிக்கிறார்: 1, 5, 2, 4. கவிழ்த்துப் பின்னோக்கினால் 4, 2, 5, 1. அதே நான்கு எண்கள் ஒழுங்கு மாறி வருகின்றன, புதிதாக ஓர் எண்கூட நுழைவதில்லை. சுர வரிசை எந்த வடிவத்தில் வருகிறதோ அதற்கு உரிய கொத்து வரிசையும் கூடவே வரும்.

நான் பியானோ கற்பிக்கிறேன். மாணவர்களை மேசையில் 5, 1, 4, 2 என்று தட்டச் சொல்லிவிட்டு, பிறகு பதிவைப் போட்டேன். சில நொடிகளிலேயே அவர்கள் கை தானாக நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கொத்தின் அளவு காதுக்கு எட்டுகிறது. 11க்கும் 12க்கும் வேறுபாடு தேடி அலைய வேண்டியதில்லை. 1951க்கு நான்கு ஆண்டுகள் முன்பே இவ்வளவு பக்குவமான விடை ஒருவரிடம் இருந்திருக்கிறது. அட்லாண்டிக்கின் மறுகரையில் அது யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 13, காலை 7.10

பாபிட் பிற்பாடு இன்னொரு வழியும் கண்டார்; 1962இல் அது பற்றிக் கட்டுரை எழுதினார். சுரத்துக்கு ஸ்தாயி எப்படியோ, காலத்துக்கு ஒரு கட்டம் (நோட்டில் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) அப்படி. கட்டத்தைப் பன்னிரண்டு புள்ளிகளாகப் பிரித்து 0 முதல் 11 வரை பெயர் கொடுத்தார். எண் குறிப்பது நீளத்தை அல்ல, கட்டத்தில் நிற்கும் இடத்தை. 0க்குப் பிறகு 5 வந்தால் இடைவெளி 5. 5க்குப் பிறகு 3 வந்தால் அடுத்த கட்டத்தின் 3ஆம் புள்ளி, ஆகவே இடைவெளி 10. ஒரு சுரம் எந்த ஸ்தாயியில் வந்தாலும் அதே பெயர் பெறுவதுபோல, 3ஆம் புள்ளி எந்தக் கட்டத்தில் வந்தாலும் 3தான்.

அறிவுக்கு இது மிக அழகு. ஆனால் 3ஆம் புள்ளி 3 என்று காதுக்குத் தெரிய வேண்டுமென்றால் கட்டத்தின் துடிப்பு கேட்பவர் மனதில் ஓட வேண்டும். படைப்பு அந்தத் துடிப்பைத் தருகிறதா? சில இடங்களில் தருகிறது. பல இடங்களில் தரவில்லை. 1947இன் அந்த எளிய 5, 1, 4, 2 பக்கமே என் மனம் சாய்கிறது.

ஜூன் 14, மாலை 4.30

ஷோன்பெர்க்கின் மாணவர் வேபெர்னை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். போருக்குப் பிந்தைய தலைமுறை முழுவதும் தங்களுக்கு மூதாதை என்று சொல்லிக்கொண்டது இவரைத்தான்.

1936இல் முடித்த ஓபஸ் 27 பியானோ வேரியேஷன்ஸின் இரண்டாம் பகுதி. மொத்தம் 22 கட்டங்கள், இரண்டு பாதி, ஒவ்வொன்றும் இரு முறை. கிராட்செட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160, மிக வேகம். ஒரு குரல் ஒரு சுரம் சொல்ல, ஒரு குவேவர் கழித்து மற்றொரு குரல் அதன் பிம்பத்தைச் சொல்லும். நடுவில் ஏ சுரம் கண்ணாடி. ஒன்று ஏவுக்கு மேலே எவ்வளவு தூரமோ மற்றது கீழே அவ்வளவு தூரம். முதல் இணை பி-ஃபிளாட்டும் ஜி-ஷார்ப்பும். ஒலிவலிமை மூன்றே வகை.

நீளங்களுக்கு இங்கே வரிசையே இல்லை. பெரும்பாலும் குவேவர்களும் மௌனங்களும்தான். ஆனாலும் எவ்வளவு லயம்! இரண்டு கைகளும் ஒன்றன் மேல் ஒன்று பாய்ந்து குறுக்கிடுகின்றன. வாசிக்கும்போது இடது தோள் எங்கே, வலது முழங்கை எங்கே என்று உடம்பே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேபெர்ன் கட்டத்தை இரண்டு கிராட்செட் என்று குறித்திருக்கிறார். காதில் அழுத்தம் விழும் இடங்களோ அந்தக் கோடுகளோடு ஒத்துப்போவதில்லை. இசைக் கோட்பாட்டாளர் டேவிட் லெவின் இந்த ஒரே சிக்கலுக்காகத் தனிக் கட்டுரையே எழுதினார்.

டார்ம்ஸ்டாட்காரர்கள் இதில் எல்லாமே வரிசைப்படுத்தப்பட்டிருப்பதாகப் பார்த்தார்கள். பீட்டர் வெஸ்டர்கார்டு 1963இல் பக்கம் பக்கமாக ஆராய்ந்து அப்படி இல்லை என்று காட்டினார். இன்னொரு சாட்சியும் உண்டு. 1937இல் வியன்னாவில் இதை முதன்முதலில் வாசித்த பீட்டர் ஸ்டாட்லென் வேபெர்னிடமே பயின்றவர். வேபெர்ன் கேட்டது நெளிவும் குழைவும் உணர்ச்சியும் நிறைந்த வாசிப்பு. அவர் சொன்ன குறிப்புகளோடு கூடிய பதிப்பை ஸ்டாட்லென் 1979இல் வெளியிட்டார். அச்சான நோட்டில் தெரியும் வறண்ட புள்ளிகளை மட்டும் பார்த்து ஒரு தலைமுறை கொள்கை கட்டியது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஜூன் 14, இரவு 11.05

ஷோன்பெர்க்கின் இன்னொரு மாணவர் பெர்க்கை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 'லுலு' ஆபரா முதல் அங்கத்தில் ஓவியன் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சிக்கு 'மோனோரித்மிகா' என்று பெயர். ஒரே ஒரு லயக்கூறு. பாடுபவர், இசைக்குழு, தாளக்கருவி எல்லாரிடமும் அதுவே. வேகம் படிப்படியாக ஏறி உச்சம் தொட்டு, பிறகு வந்த வழியே இறங்கும். இசை தெரியாதவரும் அந்தப் பிடியிலிருந்து தப்ப முடியாது. முதல் கேள்வி கேட்டவர் தயவுசெய்து இதை இன்றே கேட்க வேண்டும். பன்னிரு சுர இசையில் கையால் தட்ட ஒன்றும் இல்லை என்பதற்கு இதுவே போதிய பதில்.

ஜூன் 16, இரவு 9.20

ஸ்டாக்ஹவுசன். ஜூன் 10 அன்று நான் எழுதிய கூட்டல்–விகிதம் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் இவர்தான்.

1957இல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னது: சுரமும் லயமும் ஒரே பொருளின் இரண்டு வேகங்கள். விநாடிக்கு இரண்டு மூன்று தட்டல் என்றால் தனித்தனியாகக் கேட்கும். விநாடிக்குப் பதினாறை ஒட்டிய வேகத்துக்கு மேல் போனால் தட்டல்கள் கரைந்து ஒரு சுரமாகிவிடும். அப்படியானால் நீளங்களையும் கூட்டலாக அடுக்காமல் விகிதமாக அடுக்க வேண்டும். சுரத்தில் ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு சம விகிதப் படிகள் இருப்பதுபோல, வேகத்திலும் ஓர் இரட்டிப்புக்குள் பன்னிரண்டு படிகள்: 60, 63.5, 67, 71, 75.5, 80, 85, 90, 95, 101, 107, 113.5. அடுத்தது 120, முதல் படியின் 'மேல் ஸ்தாயி'.

'க்ரூப்பென்' இந்த ஏணியில் எழுந்தது. 109 கலைஞர்கள், மூன்று இசைக்குழுக்கள், மூன்று நடத்துநர்கள். ஒரே நேரத்தில் மூன்று வேகம் நடக்க வேண்டுமென்றால் மூன்று கைகள் வேண்டும் அல்லவா! 1958 மார்ச் 24 அன்று கொலோனில் ஸ்டாக்ஹவுசன், மதெர்னா, பூலேஸ் மூவரும் நடத்தினார்கள். பூலேஸின் எண் வரிசைக்கு மாற்று தேடிப் பிறந்த படைப்பை நடத்த பூலேஸே வந்து நின்றார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

63.5க்கும் 67க்கும் வேறுபாடு தெரியுமா என்றால், இரண்டும் அடுத்தடுத்து வந்தால் தெரியும். வேகம் சற்று முறுக்கியதுபோல் இருக்கும். இடையில் நேரம் கடந்தால் எனக்குத் தெரிவதில்லை. ஆனால் 'க்ரூப்பெ'னில் மூன்று வேகங்கள் ஒன்றோடொன்று உரசும்போது எழும் அலை, எந்த எண்ணும் தெரியாமலே உடம்பில் படுகிறது.

இந்தத் தத்துவத்தைக் காதாலேயே சரிபார்க்க வேண்டுமானால் 'கான்டாக்டெ' (1958–60) கேளுங்கள். பதினேழாவது நிமிடத்தை ஒட்டி ஒரு மின்னணுச் சுரம் வழுக்கிக் கீழே இறங்கி இறங்கி, ஒரு கட்டத்தில் சுரமாக இருப்பதை விட்டுத் தனித்தனித் தட்டல்களாக உதிரும். கட்டுரையின் பக்கங்கள் சொன்னதை அந்த ஓரிடம் சொல்லிவிடுகிறது.

ஜூன் 17, காலை 8.00

ஊதுகருவி பற்றி ஜூன் 10 அன்று சொன்னதற்கு ஸ்டாக்ஹவுசனிடமே சான்று இருக்கிறது: ஐந்து ஊதுகருவிகளுக்கான 'ட்ஸைட்மாசெ' (1955–56). மெட்ரோனோம் வேகங்களோடு, 'முடிந்த அளவு வேகமாக', 'ஒரே மூச்சில் முடிந்த அளவு மெதுவாக' என்ற குறிப்புகளும் வருகின்றன. அலகு இங்கே கடிகாரம் அல்ல, வாசிப்பவரின் நுரையீரல். சீரியல் இசைக்கு உடம்பு கிடையாது என்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

ஜூன் 18, இரவு 10.10

நோனோவைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றே. மனதுக்கு மிக நெருக்கமானவர்.

'இல் கான்டோ சொஸ்பேசோ', 1956 அக்டோபரில் கொலோனில் ஹெர்மன் ஷெர்ஹன் நடத்தி அரங்கேறியது. சொற்கள், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஐரோப்பிய எதிர்ப்பியக்கத்தினர் எழுதிய கடைசிக் கடிதங்களிலிருந்து வந்தவை. இரண்டாம் பகுதி கருவிகள் இல்லாத பாடற்குழு. நீள வரிசை இது:

1, 2, 3, 5, 8, 13, 13, 8, 5, 3, 2, 1

முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபோனாச்சி எண்கள். 2க்குப் பிறகு ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆக, எண்கள் கூட்டலில் பிறந்தாலும் காதுக்கு விகிதமாகவே வந்து சேர்கின்றன. 8க்கும் 13க்கும் வேறுபாடு யாருக்கும் தெரியும். 11, 12 குழப்பம் இங்கே எழவே வாய்ப்பில்லை. அலகும் ஒன்றல்ல: கிராட்செட்டை 2, 3, 4, 5 ஆகப் பிரித்த நான்கு அலகுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அதனால் எந்த இரண்டு குரலும் எளிதில் ஒன்றாக விழாது.

கேட்கும்போது என்ன நடக்கிறது? ஒரு சொல்லின் அசைகள் குரல் விட்டுக் குரல் தாவுகின்றன. சில அசைகள் 13 அலகு நின்று கசிகின்றன, சில 1 அலகில் தெறித்து மறைகின்றன. மனிதக் குரல் என்பதால் நீண்ட ஒலி உண்மையாகவே நீண்டு நிற்கிறது, பியானோபோல் தேய்வதில்லை. சொல் சிதைகிறது என்று ஸ்டாக்ஹவுசன் விமர்சித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாகப்போகிறவர் எழுதிய வாக்கியத்தை ஒரே மூச்சில் ஒருவர் பாடிவிட்டுப் போவதைவிட, பலர் ஆளுக்கோர் அசையாகத் தூக்கிச் செல்வது நியாயமாகப் படுகிறது. இந்தப் பகுதியில் எண்ணும் சொல்லும் காதும் ஒரே பக்கம் நிற்கின்றன.

ஜூன் 19, மதியம் 12.45

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். இசையமைப்பாளர் லிகெட்டி 1958இல் 'ஸ்ட்ரக்சர்ஸ்' முதல் பகுதியை எண் எண்ணாகப் பிரித்துக் காட்டினார். எங்கே பூலேஸ் தானே முடிவெடுத்தார், எங்கே அமைப்பு தானாக ஓடியது என்று பிரித்துச் சொன்னார். அதற்கும் முன்பே, 1955இல், இன்னோர் இசையமைப்பாளர் ஸெனாகிஸ் எழுதியது: இவ்வளவு குரல்கள் பின்னிக்கொண்டால் காது தனி இழையைக் கேட்பதில்லை, ஒலித்திரளைத்தான் கேட்கிறது, அப்படியானால் திரளையே நேரடியாக அமைப்போம். ஜூன் 9 அன்று நான் போட்ட அந்த இருபத்தொரு இடைவெளிகளும் இதைத்தான் சொல்கின்றன.

பூலேஸுக்கும் தெரிந்திருந்தது. 'ஸ்ட்ரக்சர்ஸ்' படைப்புக்கு பால் க்லேயின் ஓர் ஓவியத் தலைப்பை, 'வளமான நிலத்தின் எல்லையில்' என்பதை, வைக்க எண்ணியிருந்தார். எல்லை எது என்று தெரிந்தே அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். 1955இல் 'ல மார்த்தோ சான் மேத்ர்' வந்தபோது லயம் மிகவும் நெகிழ்ந்துவிட்டது. அதைக் கேட்காமல் பூலேஸைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம்.

கேட்கும் வரிசை கேட்டிருந்தீர்கள். பெர்க்கின் 'மோனோரித்மிகா', பாபிட்டின் 1947 பியானோத் துண்டு, வேபெர்ன் ஓபஸ் 27, பிறகு நோனோ, பிறகு 'க்ரூப்பென்'. 'ஸ்ட்ரக்சர்ஸ்' கடைசியில். அதுவும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

ஜூன் 19, இரவு 7.30

அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டவருக்கு: அவர் சீரியல் முறையில் எழுதியவர் அல்ல. ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்கு விகிதத்தின் வழியாக நழுவும் அவருடைய முறை பெரிய விஷயம், இங்கே இரண்டு வரியில் அடங்காது. தனி இழை தொடங்குங்கள், அவருடைய செல்லோ சொனாட்டாவிலிருந்து பேசுவோம்.